ஸ்டவ் வாஷர் போட்ட துப்பாக்கி

என் அத்தையிடம் ஒரு துப்பாக்கி இருந்தது. பள்ளியில் இதைச் சொன்னபோது ஒருத்தரும் நம்பவில்லை. மதராஸி வீட்டில் இட்லிச் சட்டி இருக்கும், குடை இருக்கும், துப்பாக்கி எப்படி இருக்கும் என்று பக்கத்துப் பெஞ்சுப் பையன் கேட்டான். அவன் கேட்டதிலும் நியாயம் இருந்தது. பல்லி விழுந்தால்கூடப் பலன் பார்த்துவிட்டு ஆபீஸ் கிளம்புகிற குடும்பம் எங்களுடையது.

அத்தை, அப்பாவின் தங்கை. திருநெல்வேலியில் டைப்ரைட்டிங் பாஸ் செய்து, பரீட்சை எழுதி, டெல்லியில் அரசாங்க வேலை கிடைத்து, ஆர்.கே.புரத்தில் எங்கள் குவார்ட்டர்ஸுக்கு ஒரு டிரங்குப் பெட்டியோடு வந்து சேர்ந்தவள். அவளுடைய ஆபீஸில் மத்தியானச் சாப்பாட்டுக்குப் பிறகு எல்லோரும் கேரம் ஆடுவார்கள். கேரம் பலகையைச் சுற்றி இடம் கிடைக்காமல்தான் பக்கத்து மேஜையில் சும்மா கிடந்த ஏர் பிஸ்டலைக் கையில் எடுத்தாள் என்பது எங்கள் வீட்டு வரலாறு. கிளப்பைக் கவனித்துக்கொண்ட பழைய பட்டாளத்துக்காரர் ஒருவர், இந்தப் பெண்ணுக்குக் கை நடுங்கவே இல்லையே என்று கண்டுபிடித்தார். அதற்குப் பிறகு அத்தை கேரம் பக்கம் திரும்பவில்லை. கிளப் பிஸ்டலைப் பயிற்சிக்காக வீட்டுக்கே கொண்டுபோகலாம் என்று அனுமதியும் கிடைத்தது.

அது பயப்படும்படியான துப்பாக்கி அல்ல. மருந்து கிடையாது, காற்றுதான். குழாயை மடக்கினால் உள்ளே ஒரு ஸ்பிரிங் அழுந்தும். மிளகு அளவு ஈயக் குண்டை வைத்து, குழாயை நிமிர்த்திக் குதிரையைச் சுண்டினால் ஸ்பிரிங் காற்றைத் தள்ளும், காற்று குண்டைத் தள்ளும். பத்து மீட்டர் தூரத்தில் ஒரு அட்டையை ஓட்டை போடும். எங்கள் குவார்ட்டர்ஸில் பத்து மீட்டர் நேர்கோடு ஒன்றே ஒன்றுதான் இருந்தது. முன்வாசலில் ஆரம்பித்து, கூடத்தைக் கடந்து, சமையலறை வாசலை உரசிக்கொண்டு பின்வராந்தாவில் பழந்துணி அடைத்த தகரப் பெட்டியில் போய் முடியும். அத்தை சுடத் தொடங்கிவிட்டால் அம்மா சமையலறையை விட்டு வெளியே வர முடியாது. கையில் கரண்டியோடு உள்ளேயிருந்து, "வரலாமா?" என்று குரல் கொடுப்பாள். "கொஞ்சம் இருங்க மைனி" என்று அத்தை பதில் சொல்வாள். உளுந்தம்பருப்பு கருகிய நாள்களும் உண்டு.

அம்மாவுக்கு அந்தத் துப்பாக்கி பிடிக்காமல் போனதில் ஆச்சரியம் இல்லை. ஞாயிற்றுக்கிழமைகளில் அத்தை பயிற்சிக்குப் போய்விடுவாள். துவைக்கிற துணி அத்தனையும் அம்மா தலையில் விழும். அதோடு, தூத்துக்குடியிலிருந்து ஒரு பேங்க் மாப்பிள்ளையின் போட்டோ வந்து, கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைக்கப்பட்டிருந்தது. அம்மா தூசி தட்டும்போதெல்லாம் அதை எடுத்து, எல்லோர் கண்ணிலும் படும்படி சற்று வெளியே தெரிய வைப்பாள். அத்தை ஆபீஸ் விட்டு வந்ததும் அதை உள்ளே தள்ளுவாள்.

கடைசியில் அண்ணனும் தங்கையும் ஓர் ஒப்பந்தத்துக்கு வந்தார்கள். ஜனவரியில் அகில இந்தியப் போட்டிக்கு டெல்லிப் பெண்கள் அணியைத் தேர்ந்தெடுக்கிறார்கள். அத்தை தேர்வானால் கல்யாணப் பேச்சு ஒரு வருஷத்துக்குக் கிடையாது. தேர்வாகாவிட்டால் பிஸ்டல் கிளப்புக்குத் திரும்பிப் போகும், அத்தை தூத்துக்குடிக்குப் போவாள். நான் அத்தை கட்சி. எனக்குத் தலை பின்னிவிடுவதும், சரோஜினி நகர் மார்க்கெட்டில் ரிப்பன் வாங்கித் தருவதும் அத்தைதான். அம்மாவை நான் தூத்துக்குடிக் கட்சியில் சேர்த்து வைத்திருந்தேன்.

தீபாவளி கழிந்ததும் பிஸ்டலுக்கு உடம்பு சரியில்லாமல் போனது. டப் என்று கேட்க வேண்டிய சத்தம் புஸ் என்று கேட்டது. குண்டு அட்டையைத் துளைக்காமல் பாதியில் ஒட்டிக்கொண்டு நின்றது. கிளப் பட்டாளத்துக்காரர், வெளியூருக்கு அனுப்பித்தான் சரிசெய்ய வேண்டும், திரும்பி வரக் கோடைக்காலம் ஆகிவிடும் என்று கையை விரித்துவிட்டார். அத்தை முகம் தொங்கியது. அப்பா முகம் மலர்ந்தது. ரிப்பேர் என்ற சொல்லைக் கேட்டால் அப்பாவுக்கு அப்படி ஒரு சந்தோஷம். குழாய், இஸ்திரிப் பெட்டி, ரேடியோ என்று எங்கள் வீட்டில் அவர் திறக்காத பொருள் இல்லை. அவற்றில் சிலவற்றை அவர் மறுபடி மூடியதும் உண்டு.

காற்று எங்கே கசிகிறது என்பதை முதலில் கண்டுபிடிக்க வேண்டும் என்றார். அம்மாவின் முகப்பவுடரை எடுத்து, குழாய் மடங்குகிற இடத்தைச் சுற்றித் தூவிவிட்டு அத்தையைச் சுடச் சொன்னார். பவுடர் குப்பென்று பறந்து அப்பாவின் மூக்கில் ஏறியது. தும்மிக்கொண்டே, "பாத்தியா, இங்கனதான் ஓடுது!" என்றார். அந்த இடத்தில் மோதிரம் போல ஒரு சின்னத் தோல் வளையம் இருந்தது. அது தேய்ந்துபோயிருந்தது. என் பழைய பள்ளிக்கூட ஷூவின் நாக்கை அறுத்துப் புதிதாக ஒன்று செய்து போட்டார். மறுபடி பவுடர், மறுபடி சுட்டாள். பவுடர் அசையவில்லை. ஆனால் சத்தம் என்னவோ அதே புஸ்தான்.

அப்படியென்றால் கோளாறு உள்ளே இருக்கிறது என்று அப்பா திருகாணிகளைக் கழற்றத் தொடங்கினார். உள்ளே ஸ்பிரிங் அழுந்திக்கொண்டு இருக்கும் என்று அத்தை எச்சரித்தாள். அதற்கு அவர் பதில் சொல்வதற்குள் ஸ்பிரிங்கே பதில் சொல்லிவிட்டது. கூரை விசிறியில் மோதி, அம்மா கல் பொறுக்கிக்கொண்டிருந்த முறத்தில் அது வந்து விழ, அரிசி கூடம் முழுவதும் சிதறியது. அம்மா ஸ்பிரிங்கை எடுத்து ஓரமாக வைத்துவிட்டு விளக்குமாற்றைத் தேடப் போனாள்.

ஸ்பிரிங்குக்கு முன்னால் கிண்ணம் போலக் குழிந்த ஒரு தோல் வட்டம் இருந்தது. அதுதான் காற்றைப் பின்னால் ஓடவிடாமல் அடைக்க வேண்டும். டெல்லிக் கோடையின் லூ என்கிற அனல்காற்றில் உதடு வெடிப்பதைப் போல அது காய்ந்து வெடித்திருந்தது. அப்பா அதை விரல் நுனியில் வைத்துப் பார்த்துவிட்டு, "இது ஒண்ணுமில்ல, ஸ்டவ்வுக்கு வர்ற சீக்குதான்" என்றார்.

பம்ப் அடிக்கிற பித்தளை ஸ்டவ் எங்கள் வீட்டில் இருந்தது. அதன் பம்புக்குள்ளும் இதே மாதிரி ஒரு தோல் வாஷர் உண்டு. உதிரி வாஷரையும் ஸ்டவ் பின்களையும் அம்மா ஒரு எவர்சில்வர் சோப்புப் பெட்டியில் போட்டு வைத்திருப்பாள். அந்தப் பெட்டி அம்மா பள்ளிக்கூடத்தில் வளையப்பந்து ஆடி வாங்கிய பரிசு. ரப்பர் வளையத்தை வலைக்கு மேலே வீசி ஆடுகிற ஆட்டம் அது. பெட்டியைத் திறக்கும்போதெல்லாம் அப்பா அதைப் பற்றி ஒரு ஜோக் சொல்வார். "டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஆடப் போக வேண்டியவ. நம்மளக் கட்டிக்கிட்டு ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கா!" விருந்தாளிகள் சிரிப்பார்கள். அம்மாவும் சிரிப்பாள். எனக்கு அது மிகவும் பிடித்த ஜோக்.

"இருக்கது ஒரே ஒரு வாஷர். அதையும் துப்பாக்கிக்குக் குடுத்துட்டு நான் என்னத்த வச்சுப் பொங்க?" என்றாள் அம்மா. சொல்லிவிட்டுப் பெட்டியைத் திறந்து அவளே எடுத்தும் கொடுத்தாள்.

அப்பா அதை ஷேவிங் பிளேடால் செதுக்கி அளவு குறைத்து, ஸ்டவ்வுக்குச் செய்வதைப் போலவே தேங்காயெண்ணெயில் ஊறப்போட்டார். தோல் மெத்தென்று ஆனதும் உள்ளே பொருத்தி, ஸ்பிரிங்கை இந்தத் தடவை கதவிடுக்கில் வைத்து அழுத்தி, பிஸ்டலை மூடினார். அத்தை முன்வாசலில் நின்று சுட்டாள். டப் என்று கேட்கவில்லை, டமார் என்று கேட்டது. குழாயிலிருந்து நீலப் புகை வந்தது. குண்டு அட்டையையும் பழந்துணியையும் துளைத்துத் தகரத்தையும் நசுக்கியிருந்தது. வீடு முழுவதும் தேங்காயெண்ணெய் தீய்ந்த வாசனை. அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாள் ஓடிவந்து, "க்யா ஹுவா பெஹன்ஜி?" என்று பதறினாள். அம்மா தன் இந்தியில், "குச் நஹி, பாபட்" என்றாள். இவ்வளவு சத்தத்தோடு பொரிகிற அப்பளம் எது என்று அந்த அம்மாள் நெடுநேரம் யோசித்திருக்க வேண்டும்.

நாலைந்து குண்டுகளுக்குள் அதிகப்படி எண்ணெய் எரிந்து தீர்ந்து பிஸ்டல் சாதுவாகிவிட்டது. டப், டப் என்று பழைய சத்தம் திரும்பியது. அத்தை அண்ணன் கையைப் பிடித்துக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். அப்பா ஆபீஸில் ஒருவர் விடாமல் இந்தக் கதையைச் சொன்னார்.

டிசம்பர் வந்தது. புதிய தொல்லையும் கூடவே வந்தது. சாயங்காலம் ஆபீஸ் விட்டு வந்து, சமையலறைச் சூடு கூடத்தில் பரவியிருக்கும்போது சுட்டால் பிஸ்டல் ஒழுங்காக இருக்கும். ஞாயிற்றுக்கிழமை காலைப் பனியில் மைதானத்துக்குக் கொண்டுபோனால் மறுபடியும் புஸ். மத்தியானம் வெயில் ஏறியதும் சரியாகிவிடும். அத்தை இதை அப்பாவிடம் சொன்னபோது அவருக்கு ரோஷம் வந்துவிட்டது. பவுடர் போட்டுப் பார்த்தார். கசிவு இல்லை. "ஆடத் தெரியாதவளுக்குக் கூடம் கோணலாம்! காலைல உனக்குக் கை விறைக்குது, அதான்" என்றார். இருந்தாலும் மனசு கேட்காமல் மறுபடி திறந்து இன்னும் கொஞ்சம் தேங்காயெண்ணெய் விட்டார். அடுத்த ஞாயிறு அது இன்னும் மோசமாகச் சுட்டது. அத்தையும் தன் கையைத்தான் சந்தேகப்படத் தொடங்கினாள். சாப்பிடும்போது சோற்றைப் பிசைகிற விரல்களையே பார்த்துக்கொண்டிருப்பாள். எனக்கு அழுகை வரும்.

அம்மா எதிலும் தலையிடவில்லை. அவளுக்கு அவளுடைய தொல்லை. உதிரி வாஷர் போனதால் ஸ்டவ் இருமிக்கொண்டே எரிந்தது. காலையில் எழுந்ததும் வெள்ளை வெளேரென்று உறைந்துகிடக்கும் தேங்காயெண்ணெய்ப் புட்டியை ஸ்டவ் பக்கத்தில் வைத்து உருக்கினால்தான் எனக்குத் தலை வாரலாம். டெல்லிக்கு வந்த புதிதில் எண்ணெய் கெட்டுவிட்டது என்று ஒரு புட்டியை முழுதாகக் கொட்டியவள் அவள். திருநெல்வேலியில் எண்ணெய் உறைந்து யார் கண்டது?

தேர்வு நாள் ஒரு ஞாயிற்றுக்கிழமை. குடியரசு தினம் நெருங்கிக்கொண்டிருந்தது. விடிந்தும் விடியாத பனியில் நான் எழுந்து வந்தபோது அம்மா கூடத்தில் தனியாக நின்றுகொண்டிருந்தாள். அவள் கையில் பிஸ்டல். அதுவரை அவள் அதைத் தொட்டு நான் பார்த்ததில்லை. குழாய் மடங்குகிற இடத்தைச் சுண்டுவிரலால் சுரண்டி, நகத்தை மூக்கருகே கொண்டுபோய் மோந்து பார்த்தாள். என்னைக் கண்டதும் பிஸ்டலைக் கீழே வைத்துவிட்டாள். பிறகு அப்பாவிடம், "அதுக்குள்ள வெள்ளையா என்னமோ இருக்கே" என்றாள். அப்பா ஷூவுக்குக் கயிறு கட்டிக்கொண்டே, அது கிரீஸ், உனக்கு ஒன்றும் தெரியாது, இன்றைக்கு எதையும் தொடாதே என்றார்.

அப்பாவும் அத்தையும் ஸ்கூட்டரில் போவதாகவும், நானும் அம்மாவும் பின்னால் பஸ்ஸில் வருவதாகவும் ஏற்பாடு. ஸ்கூட்டர் கிளம்புகிற நேரத்தில் அம்மா வாசலில் வந்து நின்றாள். "துப்பாக்கிய நான் பஸ்ல எடுத்துட்டு வாரேன். ரோடு பூரா போலீஸ் நிக்கான். ஸ்கூட்டர மறிச்சுப் பையத் திறந்து பாத்தான்னா அங்கனயே பொழுது போயிரும்" என்றாள். அப்பா யோசித்தார். குடியரசு தினத்துக்கு முந்தைய வாரங்களில் டெல்லி அப்படித்தான் இருக்கும். கடைசியில் பை எங்களிடம் வந்தது. அத்தை திரும்பித் திரும்பிப் பார்த்துக்கொண்டே போனாள்.

எனக்குப் புரிந்துவிட்டது. அம்மா பிஸ்டலைத் தொலைக்கப் போகிறாள், இல்லையென்றால் வேண்டுமென்றே தாமதமாகப் போகப் போகிறாள். தூத்துக்குடி ஜெயிக்கப் போகிறது. என் சந்தேகத்தை உறுதிசெய்வது போல, ஸ்கூட்டர் கண்ணிலிருந்து மறைந்ததும் அம்மா பையிலிருந்து பிஸ்டலை எடுத்தாள். எரிகிற ஸ்டவ்வின் பக்கத்தில் அதைத் திருப்பித் திருப்பிக் காட்டிவிட்டு, ஒரு துணியில் சுருட்டி, ஸ்வெட்டருக்குள் வயிற்றோடு சேர்த்துச் செருகி, மேலே சால்வையை இறுக்கிப் போர்த்திக்கொண்டாள். காலி பையை என்னிடம் கொடுத்தாள். ஏன் என்று கேட்டேன். "பேசாம வாட்டி" என்றாள்.

பஸ்ஸில் நல்ல கூட்டம். அம்மா வயிற்றை இரண்டு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள். சால்வைக்குள் அது உப்பலாகத் தெரிந்தது. வயதான சர்தார்ஜி ஒருவர் அதைப் பார்த்துவிட்டு அவசரமாக எழுந்து, "பைட் ஜா, பேட்டி" என்று இடம் கொடுத்தார். அம்மா கொஞ்சம்கூடக் கூசாமல் "சுக்ரியா" சொல்லி உட்கார்ந்துகொண்டாள். எனக்குத் தம்பி வேண்டுமா தங்கை வேண்டுமா என்று சர்தார்ஜி என்னிடம் விசாரித்தார். நான் வெட்கத்தில் ஜன்னலைப் பார்த்தேன். வழியெல்லாம் அம்மா சால்வைக்குள் கைகளைத் தேய்த்துக்கொண்டே வந்தாள். ஒருமுறை உடம்பு சிலிர்த்து நடுங்கினாள். திருடுகிறவர்கள் நடுங்கத்தான் செய்வார்கள் என்று நினைத்தேன்.

பாதி வழியில் அணிவகுப்பு ஒத்திகைக்காகச் சாலையை மறித்திருந்தார்கள். பஸ் எங்கெங்கோ சுற்றியது. மைதானத்துக்குச் சற்றுத் தூரத்திலேயே கண்டக்டர் எல்லோரையும் இறக்கிவிட்டார். அம்மா என்னைப் பார்த்தாள், நீண்டுகிடந்த சாலையைப் பார்த்தாள், சேலைக் கொசுவத்தைத் தூக்கி இடுப்பில் செருகினாள். பிறகு ஓடினாள்.

அம்மா ஓடி நான் அதுவரை பார்த்ததில்லை. எங்கள் காலனியில் எந்த அம்மாவும் ஓடிப் பார்த்ததில்லை. காலில் கம்பளி சாக்ஸ், அதற்கு மேல் செருப்பு, ஒரு கை வயிற்றில், மறு கை காற்றை வெட்டிக்கொண்டு. மூச்சு வாங்கி நான் நின்றுவிட்டேன். அவள் நிற்கவில்லை. பனிக்குள் சால்வை மறைவதுவரை பார்த்துவிட்டு, அழுதுகொண்டே பின்னால் ஓடினேன்.

நான் போய்ச் சேர்ந்தபோது தகரக் கூரைக்குக் கீழே அத்தையின் பெயரை இரண்டாம் முறையாகக் கூப்பிட்டுக்கொண்டிருந்தார்கள். அப்பா ஒரு அதிகாரியிடம் கெஞ்சிக்கொண்டிருந்தார். ஒரு தூணுக்குப் பின்னால் அம்மா சால்வையை விலக்கிப் பிஸ்டலை எடுத்து அத்தை கையில் வைத்தாள். வாங்கிய அத்தை திடுக்கிட்டு, "மைனி, சூடா இருக்கே!" என்றாள்.

"தேங்காண்ணெய் இந்தக் குளிர்ல உறையாம என்ன செய்யும்? எங்கிட்ட ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்லா" என்றாள் அம்மா, மூச்சு வாங்க. "உன் கையில ஒரு குத்தமும் இல்ல. ஆறுததுக்கு முன்ன போய் அடி. உங்க அண்ணன்கிட்ட சொல்லிராத, பாவம்."

அத்தை ஒரு கணம் அம்மாவையே பார்த்தாள். பிறகு விறுவிறுவென்று போய்த் தன் இடத்தில் நின்றாள். டப் என்று முதல் சத்தம் கேட்டது. அப்பா எங்கள் பக்கம் திரும்பிக் கட்டைவிரலை உயர்த்திக் காட்டினார். பாதி ஆட்டத்தில் பனி கலைந்து, தகரக் கூரையின் விளிம்பைத் தாண்டி அத்தை பிஸ்டலை வைத்து எடுக்கிற மேஜைமேல் வெயில் விழுந்தது. அதற்குப் பிறகு கவலை இல்லை. அம்மா கடைசிவரை உட்காரவில்லை. ஒவ்வொரு சத்தத்துக்கும் அவளுடைய வலது மணிக்கட்டு லேசாக அசைந்ததைப் பார்த்தேன். குளிராக இருக்கும் என்று நினைத்தேன்.

அத்தை தேர்வாகிவிட்டாள். போட்டோ கண்ணாடிக்குப் பின்னாலிருந்து எங்கே போனதென்று யாரும் கேட்கவில்லை. சாயங்காலம் அம்மா சேலை மாற்றும்போது அவள் வயிற்றில் பிஸ்டல் வடிவத்தில் சிவப்பாக ஒரு தடம் தெரிந்தது. என்னம்மா இது என்று கேட்டதற்கு, பஸ்ஸில் இடித்துக்கொண்டேன் என்றாள்.

அன்று அப்பாவின் ஆபீஸ் நண்பர்கள் வந்திருந்தார்கள். அடுத்த வீட்டுப் பஞ்சாபி அம்மாளும் லட்டுவோடு வந்தாள். வாஷர் கதையை அப்பா ஆரம்பத்திலிருந்து சொன்னார். பவுடர், ஷூ நாக்கு, ஸ்பிரிங் எல்லாம் வந்தன. கதை சோப்புப் பெட்டிக்கு வந்ததும், சமையலறையிலிருந்து அதையே எடுத்துவந்து உயரத் தூக்கிக் காட்டினார். "டிஸ்ட்ரிக்ட்டுக்கு ஆடப் போக வேண்டியவ. நம்மளக் கட்டிக்கிட்டு ஸ்டவ்வுக்குப் பம்ப் அடிக்கா!"

கூடம் முழுவதும் சிரித்தது. அம்மாவும் சிரித்துக்கொண்டே காபி டம்ளர்களை நீட்டினாள். அத்தை மட்டும் சிரிக்கவில்லை. எழுந்து போய் அம்மாவின் கையிலிருந்த தட்டை வாங்கிக்கொண்டாள். அவளுக்குத் திடீரென்று என்ன கோபம் என்று எனக்கு விளங்கவில்லை. அது எனக்கு மிகவும் பிடித்த ஜோக். அன்றைக்கு எல்லோரையும் விடச் சத்தமாகச் சிரித்தது நான்தான்.